எனி டிகிரி அக்கா

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பமும் நிரப்பித் தருவேன். பட்டம் வாங்கிய பிள்ளைகள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். வரலாறு படித்தவன் பேங்குக்குப் போடலாமா என்பான். விலங்கியல் படித்தவள் கோர்ட்டில் கிடைக்குமா என்பாள். சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் போடுவார்கள், பென்ஷன் உண்டா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு வேலையைப் பற்றி இதையெல்லாம் விட்டுவிட்டு வேறொரு கேள்வி கேட்ட ஆள் எனக்குத் தெரிந்து அக்கா ஒருத்திதான்.

"அங்க அவன் உள்ள வர முடியுமா?"

அவன் என்றால் அவள் புருஷன்.

அவர்கள் எங்கள் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது வேங்கிக்காலில் வீடுகளைவிடக் கல் நட்ட மனைகள்தான் ஜாஸ்தி. நான் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அக்கா தாவரவியல். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். வேர்க்கடலை போடுகிற குடும்பம். அதில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள். புருஷன் வயரிங் காண்ட்ராக்ட் எடுப்பவர். ஜில்லா புதிதாக வந்திருந்ததால் கட்டடம் கட்டடமாக அவருக்கு வேலை இருந்தது. சட்டை கசங்காத மனிதர். தெருவில் என்னைப் பார்த்தால் "நல்லாருக்கியாமா" என்று கேட்காமல் போகமாட்டார்.

குடிவந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். கீழுதடு கிழிந்திருந்தது.

"பேப்பர் படிச்சாச்சா? வேலை போடுற பக்கம் மட்டும் குடும்மா. இங்கயே பாத்துட்டுத் தந்துடறேன்."

படியில் உட்கார்ந்து மடியில் விரித்துக் குனிந்தாள். உதட்டிலிருந்து ஒரு சொட்டு விளம்பரத்தின் மேல் விழுந்தது. முந்தானையால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, ஈரத்துக்குக் கீழே இருந்த எழுத்தைத் தொடர்ந்து படித்தாள். 'எனி டிகிரி' என்று போட்டிருந்த இடத்தில் எல்லாம் அவள் விரல் நின்றது.

"தாவரவியல்னு கேட்டு வர்ற வேலை வருஷத்துக்கு ரெண்டுகூட இல்ல. எனி டிகிரின்னு போட்டுட்டா பாரு, எல்லாம் நமக்கும் சேத்துதான்."

அம்மா சர்க்கரை கொண்டுவந்து அந்த உதட்டில் வைத்து அழுத்தினார். எப்படி ஆனது என்று கேட்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அடி விழுகிற சத்தம் கேட்கும், பாத்திரம் உருள்வது கேட்கும், அவர் குரல் கேட்கும். அவள் குரல் மட்டும் கேட்காது. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. ஒருமுறை அப்பா எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டினார். அவர் திறந்து, "டிவி சவுண்டு ஜாஸ்தி வெச்சிட்டேங்க, மன்னிச்சிக்கோங்க" என்று சிரித்தார். பின்னால் அக்கா தரையில் உட்கார்ந்து உடைந்த வளையல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை.

அவள் கிராமத்துக்கு ஓடியிருக்கிறாள், இரண்டு முறை. இரண்டு முறையும் அவள் அப்பாவே பஸ்ஸில் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

செங்கம் ரோட்டில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தோம். நான் யு.கே.ஜி., அவள் மூன்றாம் வகுப்பு. புருஷனுக்குத் தெரியாமல் போய்வந்தாள். அவர் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வகுப்பில் பெஞ்சு கவிழும் சத்தம் கேட்டு ஓடினேன். கரும்பலகையில் இலையின் பாகங்களை வரைந்திருந்தாள். அவர் அவள் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து, அந்தப் படத்தின் மேல் அவள் முகத்தை மோதிக்கொண்டிருந்தார். நிதானமாக, ஆணி அடிப்பதைப் போல. நாற்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளையின் பாவாடையிலிருந்து சிறுநீர் வடிந்தது. அவர் கையை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து "படிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பள்ளி நடத்தியவர் எங்கள் இரண்டு பேரையுமே நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது அக்கா சொன்னாள்.

"கேட்டு இருக்குது. கேட்டுல ஆளும் இருக்கான். ஆனா புருஷன்னு சொன்னா திறந்து விட்டுர்றான். புருஷன்னு சொன்னாலும் திறக்காத கேட்டு எங்கனா இருக்கான்னு பாக்கணும்."

அவள் முகத்தில் சாக்பீஸ் தூளும் ரத்தமும் குழைந்து ஒட்டியிருந்தன. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேலை அதுதான். நான் விளம்பரத்தைப் படிப்பேன், அவள் தீர்ப்பு சொல்வாள்.

"பேங்க்?"

"யார் வேணா வரலாம். வரிசையில நிப்பான்."

"இன்சூரன்ஸ் ஏஜெண்ட்?"

"நாமதான் வெளிய அலையணும். வெளியதான் அவன் இருக்கானே."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்? உள்ள விடமாட்டாங்க."

அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். "விடமாட்டாங்க. ஆனா சாயந்திரம் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்."

இப்படித்தான் ஒரு வாரம் 'உதவிச் சிறை அலுவலர், பெண்கள்' என்று படித்தேன். எனி டிகிரி. வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு உண்டு என்று கீழே போட்டிருந்தது. அக்கா பேப்பரை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை படித்தாள்.

"ஜெயிலுக்குள்ள ஏன்கா போகணும்?"

"நான் உள்ள இருப்பேன். அவன் வெளிய இருப்பான். வேற என்ன வேணும்?"

விண்ணப்பம் அனுப்பினோம். பரீட்சைக்கு மாதங்கள் இருந்தன. அதற்குள் ஒருநாள் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். ரமணாசிரமம் பக்கத்துச் சந்தில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை. பின்னால் தங்க ஓர் அறை. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஷேவ் செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அவங்க அப்பா சீரியஸ்மா. தந்தி வந்திருக்கு. நான் கெட்டவன்தான், நான் ஒத்துக்கறேன். ஆனா பெத்தவரு மூஞ்சியக் கடைசியா பாக்க வேணாமா? எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. நீயே போய்க் கூட்டினு போ. நான் வரல."

நான் சொல்லிவிட்டேன்.

செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது. விடுதியின் கண்ணாடிக் கதவு தூள். நடுவில் மறித்து நின்ற வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் படியில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ மொழியில் முனகிக்கொண்டிருந்தார். அக்காவை அவள் புருஷன் காலைப் பிடித்துப் படிகளில் இழுத்துப் போயிருக்கிறார். ஒவ்வொரு படியிலும் தலை இடித்ததை அங்கே இருந்த சமையல்காரர் எனக்குக் கைவிரலால் எண்ணிக் காட்டினார். ஏழு படி. கடைசிப் படியில் ஒரு பல் கிடந்தது. விடுதிக்காரர் போலீஸ் வேண்டாம் என்றுவிட்டார், விருந்தாளிகள் பயந்துவிடுவார்களாம்.

மறுநாள் அவள் அப்பா பஸ்ஸைவிட்டு இறங்கி, திடமாக நடந்து வந்து, மகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அக்கா எங்கள் சமையலறைக்குள் வந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையை ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். காது அடைத்துப்போய், நான் அம்மியின் மேல் சாய்ந்து விழுந்தேன். அம்மா அங்கேயேதான் நின்றிருந்தார்.

"அழுதா இன்னொண்ணு விழும்" என்றாள். முன்பல் இல்லாத இடத்தில் காற்றுப் போனது.

நான் அழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வந்து பேப்பர் கேட்டாள். கொடுத்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஆனால் என் இடது காதில் ஒரு இரைச்சல் பல மாதம் இருந்தது. அவள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் அது கூடியது போல் தோன்றும்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் ஹால் டிக்கெட்டைக் கண்டுபிடித்தார். கிழிக்கவில்லை. அவள் வலது கையைக் கதவு இடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினார். மூன்று விரல். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டது முதன்முறையாக அவள் குரல். ஒரே ஒரு முறை, இருமல் மாதிரி.

மாவுக்கட்டோடு வந்து நின்றாள். "பதிலெழுத வேணாம் இல்ல? வட்டத்தைக் கருப்பாக்குறதுதானே?"

"ஆமாக்கா."

"பென்சில் குடு."

ஆறு நாளும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நான் போட்டுக் கொடுத்த வட்டங்களை இடது கையால் கருப்பாக்கினாள். முதல் நாள் கோடு வெளியே ஓடியது. நான்காம் நாள் ஒன்றுகூட ஓடவில்லை. நானும் இளநிலை உதவியாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அதற்குமேல் பொறுக்கமாட்டார்கள். வேலை இல்லையென்றால் கல்யாணம் என்று அப்பா கெடு வைத்திருந்தார். ஆக எனக்கும் அது ஓட்டம்தான், அவளுடைய அளவுக்கு இல்லையென்றாலும்.

இரண்டு பேருமே தேறினோம். தபால் எல்லாம் எங்கள் முகவரிக்கு வந்தது. உடல் தகுதி, நேர்காணல் எல்லாம் தாண்டி கடைசியாக மிஞ்சியது போலீஸ் விசாரணை ஒன்றுதான். எங்கள் பேரில் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ஆணை வராது. அவ்வளவுதான். அக்கா அந்த ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்வாள். ஒரு மாதம் அவள் அடியைத் தடுக்கக்கூட இல்லை என்று நினைக்கிறேன்.

பௌர்ணமி வந்தது. வேலை கிடைத்தால் மலையைச் சுற்றி வருவதாக நான் வேண்டியிருந்தேன். கிடைக்கிறதற்கு முன்பே ஒருமுறை போய்விடலாம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பினேன். அடி அண்ணாமலை கிராமம் வரும்போது எட்டு மணி. வெயில் ஏறிவிட்டது. ரோட்டோரத்தில் கல் கூட்டி அன்னதானத்துக்குப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் மெதுவாக மோட்டார்பைக்கை உருட்டிக்கொண்டு அவர் வந்தார். ஸ்டாண்டு போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார்.

"நேத்து போலீஸ்காரரு வீட்டுக்கு வந்திருந்தாரு. உங்க சம்சாரம் பேர்ல எதுனா கேஸ் இருக்கான்னு கேட்டாரு. இல்லைங்கன்னு சொல்லிட்டேன். பொய்யாகிடக் கூடாதில்ல. இந்தா, அடிடி என்னை. ஒரே ஒரு அடி. நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்."

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள்.

அவர் அடித்தார். முதலில் கையால். அவள் சாயவில்லை. பிறகு வயிற்றில் முழங்காலால். மண்டியிட்டாள். கைகள் பின்னால்தான் இருந்தன. தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி மூக்கில் குத்தினார். போகிறவர்களில் ஒருவர் "விடுங்கப்பா, புண்ணிய நாள்" என்றார். இன்னொருவர் "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நீங்க வாங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். ஜனம் ஓடும் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல எங்களைச் சுற்றிப் போனது. அவர் ஒரு அடி பின்னால் போய் பூட்ஸ் காலால் அவள் விலாவில் உதைத்தார். உள்ளே ஏதோ முறிந்தது எனக்குக் கேட்டது. பக்கவாட்டில் விழுந்தவள் மண்ணில் கன்னத்தை வைத்தபடி, கைகளைப் பிரிக்காமல், என்னைப் பார்த்தாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற?"

பக்கத்தில் அணைந்துபோன அடுப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு கல்லை எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. அவர் மறுபடி காலை ஓங்கியபோது பின்னாலிருந்து போட்டேன். காதுக்கு மேலே பட்டது. திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இந்தப் பெண்ணா என்கிற வியப்புதான் இருந்தது. "நல்லாருக்கியாமா" என்று கேட்கப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். அந்த முகத்தின் மேல் இன்னொரு முறை போட்டேன்.

முதல் அடிக்கு அவள் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது என்னுடையது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு கண் போனது. ஸ்டேஷனில் பெஞ்சின் இரண்டு முனைகளில் எங்களை உட்கார வைத்தார்கள். அவளுக்கு மூச்சு விடவே வலித்தது. எழுத்தர் அவளிடம்தான் முதலில் கேட்டார்.

"யாரும்மா அடிச்சது?"

"இவதாங்க. நான் கையத் தூக்கவே இல்லைங்க. நூறு பேர் பாத்தாங்க, யாரை வேணா கேளுங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். எழுத்தர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தகப்பனார் பெயர், வயது, படிப்பு. "பி.எஸ்சி." என்றபோது எழுதுவதை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

பத்தொன்பதாம் நாள் அவளுக்கு ஆணை வந்தது. எங்கள் முகவரிக்கே வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விலாவைச் சுற்றிக் கட்டோடு படுத்திருந்தவள், உறையைப் பல்லால் கிழித்துப் படித்தாள். குடியிருப்பு பற்றிய வரி வந்ததும் அதை மட்டும் சத்தமாகப் படித்தாள். எனக்கு என்ன வந்தது என்று கேட்கவில்லை. எனக்கு வந்தது ஒரு பக்கக் கடிதம். அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

மூன்று வருஷம் கோர்ட்டுக்கு நடந்தேன். கடைசியில் அவரே ராஜிக்கு வந்தார். கருப்புக் கண்ணாடி போட்டு, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார். கேஸ் உள்ள பெண் என்று எனக்கு வந்த வரன்களும் நின்றன. அப்பா கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. பிறகு இந்தக் கடைக்கு அவர்தான் இடம் பார்த்துக் கொடுத்தார்.

அக்காவை நான் மறுபடி பார்த்தது இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து. அவள்தான் ஒரு கார்டு போட்டிருந்தாள். அவலூர்பேட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு சின்ன மகளிர் சிறை. காவல்காரர் என் பையைக் கொட்டிப் பார்த்து, பெயரெழுதி, உள்ளே போய்க் கேட்டு வந்து, பிறகுதான் விட்டார். அவள் காக்கியில் இருந்தாள். சதை போட்டிருந்தது. முன்பல் கட்டியிருந்தாள். "இளைச்சிட்டியே" என்று என் தோளைத் தட்டினாள்.

அவள் அறையில் உட்கார்ந்தோம். வெள்ளைப் புடவை கட்டிய கைதி ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். மேசைமேல் வைக்கும்போது, அக்கா மின்விசிறியைக் கூட்டிவைப்பதற்காகச் சுவரிலிருந்த ரெகுலேட்டர் பக்கம் கையைத் தூக்கினாள். அந்தப் பெண் சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்து முழங்கையால் காதை மூடிக்கொண்டாள். டீ கொஞ்சம் சிந்தியது.

அக்கா ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தாள். "தொடச்சிட்டுப் போ" என்றாள். அவள் துடைத்துவிட்டுப் போனாள்.

அக்கா என்னைப் பார்த்து, "என்னா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"சொல்லு. எதுக்கு வரச் சொன்னேன்? எதுனா கேக்கணும்னா கேளு. நீ கேக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

அந்தக் கைதியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். எனக்கு என்னுடையதுதான் வந்தது.

"அன்னைக்கு மலை சுத்துற ரோட்ல... அவரை அடிக்கச் சொல்லித்தான் அப்படிக் கேட்டீங்களா?"

"ஆமா."

"என் வேலை போயிடும்னு தெரியுமா?"

"தெரியும். ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான்னு ஆகிப்போச்சு. நான் என்னை எடுத்துக்கிட்டேன்." டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். நீ நல்லாருக்கணும்னு தினமும் நெனப்பேன். ரெண்டும் நெஜம்தான்."

நான் தலையாட்டினேன். பிறகு என் கடையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். எந்தெந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பஸ் வரைக்கும் வந்து வழியனுப்ப முடியாது, டூட்டி என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனசில் ஒன்றுமே இல்லை. தூங்கக்கூட முயன்றேன். அவலூர்பேட்டை தாண்டிய பிறகுதான் என் கைகள் இரண்டும் மடியில் கிடந்து நடுங்குவதைப் பார்த்தேன். ஒன்றை ஒன்றால் அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை. கத்தவேண்டும், யாரையாவது பிடித்து மோதவேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் கைகளைப் பார்த்தார்.

"குளுருதாம்மா?"

ஆமாம் என்றேன். அவர் என் மடிக்கு மேலாக எட்டி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டார்.